தொகுதி மறுவரையறை: போட்டித் தேர்வர்களுக்கான நடப்பு நிகழ்வு விளக்கம்

மக்கள்தொகை மாற்றத்திற்கு ஏற்ப மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவதும், மக்களவை மற்றும் சட்டப்பேரவைத் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி அமைப்பதும் தொகுதி மறுவரையறை எனப்படும். நாளிதழ்கள் இதனைத் தொகுதி மறுசீரமைப்பு என்றும் எழுதுகின்றன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தென்மாநிலங்களில் மிகுதியாகப் பேசப்பட்ட செய்திகளுள் இதுவும் ஒன்று.

குடிமைப்பணித் தேர்வுக்கும் மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் படிப்போர் பலர், இச்செய்தியைத் தேதி, இடம், கலந்துகொண்டவர் பெயர் என்ற அளவில் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றனர். அவை தேவையே. எனினும் ஆறு மாதம் கழித்து எழுதும் தேர்வில் அந்தத் தேதி கேட்கப்படுமா என்பது உறுதியில்லை. அச்செய்திக்கு அடியில் இருக்கும் சட்டப்பிரிவு, வரலாறு, கணக்கு ஆகியவை எப்போது வேண்டுமானாலும் கேட்கப்படலாம். ஒரு செய்தியை அதன் வேர்வரை சென்று படிப்பது எப்படி என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இக்கட்டுரை தொகுதி மறுவரையறையை எடுத்துக்கொள்கிறது. 2025ஆம் ஆண்டின் இறுதிவரை உள்ள நிலவரம் இதில் தரப்பட்டுள்ளது. பின்னர் நிகழும் மாற்றங்களை மாணவர்கள் தம் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1. செய்தி என்ன?

முதலில் நிகழ்வுகளைக் கால வரிசையில் அடுக்கிக்கொள்வோம்.

2025 பிப்ரவரி 26 அன்று கோயம்புத்தூரில் பேசிய ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, மறுவரையறையால் தென்மாநிலம் எதுவும் ஓர் இடத்தைக்கூட இழக்காது, விகிதாசார அடிப்படையிலேயே அது நடைபெறும் என்றார். மார்ச் 5 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தலைமையில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடைபெற்றது. 1971 கணக்கெடுப்பின்படியான இடப் பங்கீட்டை 2026இலிருந்து மேலும் 30 ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும் என்று அக்கூட்டம் கோரியது. மார்ச் 22 அன்று சென்னையில் கூட்டு நடவடிக்கைக் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. கேரளம், தெலங்கானா, பஞ்சாப் ஆகிய மாநிலங்களின் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் அதில் கலந்துகொண்டனர். தற்போதைய பங்கீட்டை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கோரும் தீர்மானம் அங்கு நிறைவேறியது.

2025 ஜூன் 16 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை வெளியானது. அதன்படி கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 ஆகும். பனிப்பொழிவு மிகுந்த லடாக், ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவற்றின் பனிப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வளவும் செய்தி. மறுவரையறைக்கும் கணக்கெடுப்புக்கும் என்ன தொடர்பு, 2026 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்பவை இனி நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

2. அரசமைப்புச் சட்டத்தில் எங்கே உள்ளது?

பின்வரும் சட்டப்பிரிவுகளை மனத்தில் கொள்க.

பிரிவு 81: மக்களவையின் அமைப்பு. மாநிலங்களிலிருந்து 530க்கு மிகாமலும், ஒன்றியப் பகுதிகளிலிருந்து 20க்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். தற்போது மாநிலங்களிலிருந்து 524 பேரும் ஒன்றியப் பகுதிகளிலிருந்து 19 பேரும் ஆக 543 பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் அதன் இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 81(2)(அ) கூறுகிறது. அறுபது லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட மாநிலங்களுக்கு இவ்விதி பொருந்தாது.

பிரிவு 82: ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் மக்களவை இடப் பங்கீடும் தொகுதிப் பிரிவினையும் திருத்தி அமைக்கப்பட வேண்டும்.

பிரிவு 170: சட்டப்பேரவைகளின் அமைப்பு. பொதுவாக 60க்குக் குறையாமலும் 500க்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

பிரிவுகள் 330, 332: பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் இட ஒதுக்கீடு. எந்தத் தொகுதி ஒதுக்கீட்டுத் தொகுதி என்பதும் மறுவரையறையின்போதே முடிவாகிறது.

பிரிவு 329(அ): தொகுதி வரையறை தொடர்பான சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க இயலாது. மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்தின் ஆணைகளுக்கும் இத்தடை பொருந்தும் என்று கூறியது. 2024இல் கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில், வெளிப்படையாகத் தன்னிச்சையானதும் அரசமைப்பின் விழுமியங்களுக்கு முரணானதுமான ஆணைகளை நீதிமன்றம் ஆராய முழுத் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது.

3. ஆணையம் எவ்வாறு செயல்படுகிறது?

பிரிவு 82 நேரடியாக எதையும் செய்துவிடுவதில்லை. நாடாளுமன்றம் முதலில் ஒரு மறுவரையறைச் சட்டம் இயற்ற வேண்டும். அதன்படி ஒன்றிய அரசு ஆணையத்தை அமைக்கும். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணையத்தில் மூவர் உள்ளனர்: உச்ச நீதிமன்றத்தின் பதவியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் (தலைவர்), தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர், தொடர்புடைய மாநிலத்தின் மாநிலத் தேர்தல் ஆணையர்.

ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மக்களவை உறுப்பினர் ஐவரும் சட்டப்பேரவை உறுப்பினர் ஐவரும் இணை உறுப்பினர்களாக ஆணையத்துக்கு உதவுவர். இவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. வரைவு வெளியிடப்பட்டு, பொதுமக்களின் கருத்துகளும் மறுப்புகளும் கேட்கப்பட்டபின் இறுதி ஆணை வெளியாகும். அது மக்களவையிலும் சட்டப்பேரவையிலும் வைக்கப்படும். எனினும் அவைகள் அதில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. ஆளுங்கட்சி தனக்கு வசதியாக எல்லைகளை வளைத்துக்கொள்ளாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு.

4. இதுவரை நடந்தவை

நாடு முழுமைக்குமான மறுவரையறை ஆணையங்கள் நான்கு முறை அமைக்கப்பட்டுள்ளன: 1952, 1963, 1973, 2002.

முதல் மூன்று முறையும் மாநிலங்களுக்கான இடங்கள் மாறின. 1951 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 36.1 கோடி, மக்களவை இடங்கள் 494. 1961இல் 43.9 கோடி, இடங்கள் 522. 1971இல் 54.8 கோடி. அக்கணக்கெடுப்பை ஒட்டிய பங்கீடே இன்றைய 543 இடங்களுக்கு அடிப்படை. ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக முறையே 7.3 லட்சம், 8.4 லட்சம், 10.1 லட்சம் மக்கள் இருந்தனர்.

இதில் தமிழ்நாட்டு மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1962 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப் பின் 1967 தேர்தலில் அது 39 ஆகக் குறைந்தது. 1951க்கும் 1961க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 21.6 விழுக்காடு வளர்ந்தபோது, தமிழ்நாட்டின் வளர்ச்சி சுமார் 12 விழுக்காடாகவே இருந்தது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகை கூடியபோதும், பிற மாநிலங்களைவிட மெதுவாகக் கூடினால் இடங்கள் குறையக்கூடும் என்பதற்கு நம் மாநிலமே சான்று.

5. பங்கீடு ஏன் நிறுத்தி வைக்கப்பட்டது?

இந்தியா 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அதனைச் சிறப்பாகச் செய்யும் மாநிலம் மக்களவையில் இடங்களை இழக்கும் என்றால், எந்த மாநிலம் அதில் முனைப்புக் காட்டும்? இந்த முரணைத் தீர்க்க 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம், 2000க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரும்வரை 1971இன் மக்கள்தொகையே பங்கீட்டுக்கு அடிப்படை என்று உறைநிலையை ஏற்படுத்தியது. 25 ஆண்டுகளில் மாநிலங்களின் மக்கள்தொகை வளர்ச்சி ஓரளவு சமமாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

அது நிறைவேறவில்லை. தேசிய மக்கள்தொகைக் கொள்கை 2000, உறைநிலையை 2026 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2002) அவ்வாறே நீட்டித்தது. 2026 என்ற ஆண்டு செய்திகளில் வருவது இதனால்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய இடங்களின் எண்ணிக்கையை மாற்றாமல், மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் 1991 கணக்கெடுப்பின்படி திருத்தவும் அத்திருத்தம் இடமளித்தது. 2003இல் 87ஆவது திருத்தம், 1991 என்பதை 2001 என்று மாற்றியது.

6. 2008இல் நடந்தது

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கெடுப்பைக் கொண்டு எல்லைகளைத் திருத்தியது. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புதிய எல்லைகளின்படி முதலில் தேர்தல் நடந்த மாநிலம் கர்நாடகம்.

தமிழ்நாட்டில் 39 மக்களவை, 234 சட்டப்பேரவை என்ற எண்ணிக்கை மாறவில்லை. தொகுதிகள் மாறின. சிவகாசி, பெரியகுளம், திருச்செந்தூர், புதுக்கோட்டை, கோபிச்செட்டிபாளையம் முதலிய மக்களவைத் தொகுதிகள் மறைந்தன. விருதுநகர், தேனி, தூத்துக்குடி, ஈரோடு, திருப்பூர் முதலியவை தோன்றின.

இதற்குப் பின் இரு தனி நிகழ்வுகள் உண்டு. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான ஆணையம் 2022 மே மாதம் ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவை இடங்களை 83இலிருந்து 90 ஆக உயர்த்தியது. 2023இல் அசாமில் இந்தியத் தேர்தல் ஆணையமே மறுவரையறையைச் செய்தது. அங்கு 126 சட்டப்பேரவை, 14 மக்களவை என்ற எண்ணிக்கை மாறவில்லை.

7. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இச்சிக்கலின் உயிர்நாடி கணக்கில்தான் உள்ளது. மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தாமே போட்டுப் பார்த்தால் மறக்காது.

1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி. 39ஆல் வகுத்தால் ஓர் உறுப்பினருக்கு 10.6 லட்சம் மக்கள். ராஜஸ்தானின் மக்கள்தொகை 2.58 கோடி. 25ஆல் வகுத்தால் 10.3 லட்சம். ஏறத்தாழ சமம்.

2011இல் தமிழ்நாடு 7.21 கோடி. ஓர் உறுப்பினருக்கு 18.5 லட்சம். ராஜஸ்தான் 6.85 கோடி. ஓர் உறுப்பினருக்கு 27.4 லட்சம். அதாவது ராஜஸ்தானின் ஓர் உறுப்பினர், தமிழ்நாட்டு உறுப்பினரைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மக்களுக்குப் பேச வேண்டியுள்ளது.

மற்ற சில மாநிலங்கள் (2011 கணக்கெடுப்பு, ஓர் உறுப்பினருக்கு உரிய மக்கள்):

- கேரளம்: 3.34 கோடி, 20 இடங்கள், 16.7 லட்சம்
- உத்தரப் பிரதேசம்: 19.98 கோடி, 80 இடங்கள், 25 லட்சம்
- பீகார்: 10.41 கோடி, 40 இடங்கள், 26 லட்சம்
- நாட்டின் சராசரி: 121 கோடி, 543 இடங்கள், 22.3 லட்சம்

இனி 543 இடங்களை 2011 மக்கள்தொகையின்படி பிரித்தால் என்ன ஆகும்? மாநில மக்கள்தொகையை நாட்டின் மக்கள்தொகையால் வகுத்து 543ஆல் பெருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள் 32 ஆகும். கேரளத்துக்கு 20 இடங்கள் 15 ஆகும். ராஜஸ்தானின் 25 சுமார் 31 ஆகவும், பீகாரின் 40 சுமார் 47 ஆகவும், உத்தரப் பிரதேசத்தின் 80 சுமார் 90 ஆகவும் உயரும். இது விகிதத்தை விளங்கிக்கொள்வதற்கான எளிய கணக்கு. உண்மைப் பங்கீடு புதிய கணக்கெடுப்பின்படியே அமையும்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியமானது. யாருக்கும் இடம் குறையாமல் அவையைப் பெரிதாக்கினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? கேரளத்துக்கு 20 இடங்கள் குறையாமல் இருக்க வேண்டுமானால், அதே 2011 கணக்கின்படி அவையில் சுமார் 725 இடங்கள் வேண்டும். அப்போது தமிழ்நாட்டுக்கு 43 இடங்கள் கிடைக்கும். நான்கு இடங்கள் கூடுதல். ஆனால் உத்தரப் பிரதேசத்துக்குச் சுமார் 120 கிடைக்கும். மக்களவையில் தமிழ்நாட்டின் பங்கு இன்று 7.2 விழுக்காடு (543இல் 39). அன்று அது 6 விழுக்காடாக இருக்கும். இடம் கூடியும் பங்கு குறைகிறது. நாடாளுமன்றத்தில் முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்படுவதால், இடங்களின் எண்ணிக்கையைவிட மொத்தத்தில் அவற்றின் பங்கே வலிமையைக் காட்டும்.

எனவே, 'விகிதாசார அடிப்படை' என்ற சொல்லைச் செய்தியில் காணும்போது, எதன் விகிதம் என்று கேட்க வேண்டும். தற்போதைய இடங்களின் விகிதத்தில் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவில் கூட்டினால் பங்கு மாறாது. மக்கள்தொகை விகிதத்தில் கூட்டினால் பங்கு மாறும். 2025இல் எழுந்த விவாதத்தின் நடுவே இருந்த கேள்வி இதுவே.

8. இரு தரப்பு வாதங்கள்

முதன்மைத் தேர்வில் கட்டுரை வினா எழுதுவோர் இரு தரப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும்.

மறுவரையறை வேண்டும் என்போர் கூறுவது: மக்களாட்சியில் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். பிரிவு 81 சொல்வதும் அதுவே. பீகாரில் பிறந்த ஒருவரின் வாக்கு கேரளத்தவரின் வாக்கைவிட மதிப்புக் குறைந்ததாக இருப்பது எவ்வகையில் நியாயம்? இருபத்தைந்து லட்சம் மக்களுக்கு ஒருவர் என்றால் உறுப்பினரால் தம் மக்களைச் சந்திக்கவே இயலாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள்தொகையை வைத்து இன்றைய அவையை அமைப்பது பொருந்தாது.

தற்போதைய பங்கீடு தொடர வேண்டும் என்போர் கூறுவது: நாட்டின் கொள்கையை ஏற்று மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம். மொழி, பண்பாடு, பொருளாதார நிலை ஆகியவற்றில் வேறுபட்ட மாநிலங்களுக்கு அவையில் குரல் இருக்க வேண்டும். சில பெரிய மாநிலங்களின் ஆதரவிலேயே ஆட்சி அமையும் நிலை வந்தால், பிற மாநிலங்களின் கோரிக்கைகளைக் கேட்க வேண்டிய தேவை குறையும்.

இரண்டும் நம் அரசமைப்பில் வேர்கொண்ட வாதங்களே. ஒன்று தனிமனிதரின் வாக்குச் சமத்துவத்தையும், மற்றது கூட்டாட்சிச் சமநிலையையும் காக்கிறது. ஒரு நல்லதும் ஒரு தீயதும் மோதும் சிக்கலாக இதனைக் கருதி எழுதும் விடை அரைகுறையாகவே இருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வு 5 (2019-21) தரும் மொத்தக் கருவுறுதல் விகிதத்தையும் இங்குச் சேர்க்கலாம். ஒரு பெண் தம் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை இது. இந்தியா 2.0, தமிழ்நாடு 1.8, கேரளம் 1.8, உத்தரப் பிரதேசம் 2.4, பீகார் 3.0, ராஜஸ்தான் 2.0. வட மாநிலங்களிலும் விகிதம் குறைந்துவருவதை ராஜஸ்தான் காட்டுகிறது. ஆனால் முன்னர் ஏற்பட்ட இடைவெளி மக்கள்தொகையில் அப்படியே நிற்கிறது.

9. முன்வைக்கப்படும் வழிகள்

1. உறைநிலையை மேலும் 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு நீட்டித்தல்.
2. மக்களவையைப் பெரிதாக்கி, எந்த மாநிலத்துக்கும் இடம் குறையாமல் பார்த்துக்கொள்ளுதல். 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் உள்ளன. 550க்கு மேல் உறுப்பினர் எண்ணிக்கையை உயர்த்தப் பிரிவு 81ஐத் திருத்த வேண்டும்.
3. தற்போதைய இடங்களின் விகிதம் மாறாமல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே அளவில் கூட்டுதல்.
4. சட்டப்பேரவை இடங்களை மட்டும் மக்கள்தொகைக்கேற்ப உயர்த்துதல்.
5. மாநிலங்களவையில் மாநிலங்களுக்குக் கூடுதல் சமத்துவம் அளித்தல். தற்போது நான்காம் அட்டவணைப்படி உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உள்ளன.

பிற நாடுகளில் சில முன்மாதிரிகள் உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பெரிய நாடான ஜெர்மனிக்கு 96 இடங்களும் சிறிய நாடான மால்டாவுக்கு 6 இடங்களும் உள்ளன. மக்கள்தொகை கூடக் கூட, ஓர் உறுப்பினருக்கு உரிய மக்களின் எண்ணிக்கையும் கூடும் முறை அது. அமெரிக்காவில் கீழவையின் 435 இடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி மறுபங்கீடு செய்யப்படுகின்றன. ஆனால் மேலவையில் எல்லா மாநிலங்களுக்கும் இரண்டே இடங்கள்.

மாநிலங்களின் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவத்தை மாற்றும் அரசமைப்புத் திருத்தம், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டப்பேரவைகளின் ஒப்புதல் வேண்டும் வகையில் பிரிவு 368(2)இல் இடம்பெற்றுள்ளது என்பதையும் நினைவில் கொள்க.

10. தொடர்புடைய பாடப்பகுதிகள்

*மகளிர் இட ஒதுக்கீடு:* 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களை மகளிருக்கு ஒதுக்குகிறது. அச்சட்டம் தொடங்கியபின் நடக்கும் முதல் கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப் பிறகே இந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று பிரிவு 334அ கூறுகிறது. மறுவரையறை தள்ளிப்போனால் இதுவும் தள்ளிப்போகும்.

*குடியரசுத்தலைவர் தேர்தல்:* பிரிவு 55இன்படி சட்டப்பேரவை உறுப்பினரின் வாக்கு மதிப்புக்கும் 1971 மக்கள்தொகையே அடிப்படை. தமிழ்நாட்டின் 4,11,99,168 என்ற மக்கள்தொகையை 234ஆல் வகுத்து, மீண்டும் 1000ஆல் வகுத்தால் 176 கிடைக்கும். உத்தரப் பிரதேசத்தில் இது 208.

*நிதி ஆணையம்:* வரிப் பகிர்விலும் இதே சிக்கல் எழுந்தது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்தி அதற்கு 15 விழுக்காடு முக்கியத்துவம் தந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு ஈடாக, மக்கள்தொகைச் செயல்பாடு என்ற அளவுகோலுக்கு 12.5 விழுக்காடு அளித்தது. பணப் பகிர்வில் இவ்வாறு ஓர் ஈடுகட்டும் வழி காணப்பட்டது. இடப் பங்கீட்டில் அப்படியொரு வழி இன்னும் ஏற்படவில்லை. இந்த ஒப்பீடு முதன்மைத் தேர்வு விடைக்கு வலுச் சேர்க்கும்.

11. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள்

'2026இல் மறுவரையறை தானாக நடந்துவிடும்' என்பது பிழை. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும்வரை உறைநிலை தொடரும் என்பதே சட்டம். அதன்பின் புதிய சட்டமும் ஆணையமும் வேண்டும்.

'2008இல் மாநிலங்களின் மக்களவை இடங்கள் மாறின' என்பது பிழை. எல்லைகளும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளும் மட்டுமே மாறின.

'மறுவரையறையைச் செய்வது தேர்தல் ஆணையம்' என்பது பொதுவாகப் பிழை. தனி ஆணையமே செய்யும். அசாம் 2023 விதிவிலக்கு.

'42ஆவது திருத்தமும் 84ஆவது திருத்தமும் ஒன்றையே செய்தன' என்பதும் பிழை. முன்னது எண்ணிக்கை, எல்லை இரண்டையும் நிறுத்தியது. பின்னது எண்ணிக்கையை நிறுத்தி, எல்லையைத் திறந்துவிட்டது.

12. பயிற்சி வினாக்கள்

1. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் மக்களவை இடங்களைத் திருத்தி அமைப்பது பற்றிக் கூறும் பிரிவு எது? (விடை: 82)
2. மறுவரையறைக்கு 2001 கணக்கெடுப்பைப் பயன்படுத்த வகைசெய்த திருத்தம் எது? (விடை: 87ஆவது திருத்தம், 2003)
3. இணை உறுப்பினர்களுக்கு ஆணையத்தில் வாக்குரிமை உண்டா? (விடை: இல்லை)
4. ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவைக்கு 2022இல் வரையறுக்கப்பட்ட இடங்கள் எத்தனை? (விடை: 90)
5. முதன்மைத் தேர்வு மாதிரி: "வாக்குச் சமத்துவமும் கூட்டாட்சிச் சமநிலையும் தொகுதி மறுவரையறையில் மோதுகின்றன." விவாதிக்க.

ஐந்தாம் வினாவுக்குப் பிரிவு 81இல் தொடங்கி, உறைநிலையின் காரணம், தமிழ்நாடு மற்றும் ராஜஸ்தான் கணக்கு, இரு தரப்பு வாதம், நிதி ஆணைய ஒப்பீடு, வழிகள் என்ற வரிசையில் எழுதலாம். கட்சிகளின் பெயரையும் தலைவர்களின் பேச்சையும் குறைவாகப் பயன்படுத்துதல் நலம்.

நிறைவாக

ஒரு செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுக: இது எந்தச் சட்டப்பிரிவின் கீழ் வருகிறது? இதற்கு முன் எப்போது நடந்தது? இதில் உள்ள எண்களை நானே கணக்கிட முடியுமா? எனக்கு உடன்பாடில்லாத தரப்பின் வாதத்தை அவர்களே ஏற்கும்படி என்னால் எழுத முடியுமா? நாளொன்றுக்கு ஐம்பது செய்திகளைக் குறித்து வைப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு செய்திகளை இவ்வாறு படிப்பது தேர்வுக்கு மிகுந்த பயன் தரும்.

நான்காவது கேள்வி தேர்வோடு முடிவதில்லை. குடிமைப்பணியில் சேர்பவர் தம் மாநிலத்திலேயே பணியாற்றுவார் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பிறந்தவர் பீகாரில் மாவட்ட ஆட்சியராகவும், ராஜஸ்தானில் பிறந்தவர் தமிழ்நாட்டில் ஆட்சியராகவும் பணிபுரிகின்றனர். இரு பக்கத்து மக்களின் குறையையும் விளங்கிக்கொண்டவரே இரு இடத்திலும் நடுநிலையோடு பணியாற்ற முடியும்.